அரசாங்கப் பணத்துக்கு வேட்டு வைக்குமா ஸ்டேபிள்காயின்?

அர்ஜென்டினாவில் 2023-ம் ஆண்டு பணவீக்கம் 211 சதவிகிதம். முந்தைய டிசம்பரில் 100 பெசோவுக்குக் கிடைத்த பொருளுக்கு அந்த டிசம்பரில் சராசரியாக 311 பெசோ கொடுக்க வேண்டும். உண்டியலில் போட்ட பணம் கண்ணெதிரே கரைந்தால், குடும்பங்கள் என்ன செய்யும்?

டாலர் வாங்கி மெத்தைக்கு அடியில் பதுக்குவது அங்கே பல காலப் பழக்கம். ஆனால், 2019-ல் மாதம் 200 டாலருக்கு மேல் வாங்க அரசு தடை போட்டது. 2025 ஏப்ரலில்தான் அது விலகியது. இடைப்பட்ட காலத்தில் பலர் கண்டுபிடித்த மாற்றுவழிதான், ஸ்டேபிள்காயின்.

அது என்ன காயின்?

பிட்காயின் விலை தாறுமாறாக ஏறி இறங்கும். ஸ்டேபிள்காயின் அப்படியல்ல. ஒரு காயின் என்றால் ஒரு டாலர். 2014-ல் வந்த டெதர் இதில் முன்னோடி. ஓட்டலில் காசு கட்டி வாங்கும் டோக்கன் மாதிரிதான் இது. கல்லாவில் காசு இருக்கும்வரை டோக்கனுக்கு மதிப்பு. செல்போன் இருந்தால் போதும், நொடிகளில் நாடு தாண்டி அனுப்பலாம்.

கல்லா ஆடினால்?

2022 மே மாதம் டெர்ரா யு.எஸ்.டி என்ற காயின் சில நாள்களில் சரிந்தது. அது டாலர் கையிருப்பை அல்ல, கணினிக் கணக்கை நம்பி ஓடியது. 2023 மார்ச்சில் சிலிக்கான் வேலி வங்கி திவாலானபோது, யு.எஸ்.டி.சி காயினின் 330 கோடி டாலர் அதில் சிக்கியது. காயின் 90 சென்ட்டுக்கும் கீழே இறங்கியது. வங்கியில் போட்ட பணம் முழுவதும் கிடைக்கும் என்று அமெரிக்க அரசு அறிவித்த பிறகே நிமிர்ந்தது. அரசுப் பணத்துக்கு மாற்று என்று சொல்லப்பட்டதைக் காப்பாற்றியது, அரசேதான்!

பாதிப்பு யாருக்கு?

2025 ஜூலையில் அமெரிக்கா கொண்டுவந்த சட்டப்படி, ஒவ்வொரு காயினுக்கும் ஈடாக டாலரோ, குறுகிய கால அரசுக் கடன் பத்திரம் போன்ற பாதுகாப்பான சொத்தோ கையிருப்பில் இருக்க வேண்டும். ஆக, காயின் பெருகப் பெருக டாலருக்குத்தான் கிராக்கி. அடி வாங்குவது பெசோ போன்ற பலவீனமான பணங்கள். மக்கள் சேமிப்பு வெளியேறினால், வட்டியை ஏற்றி விலைவாசியை அடக்கும் மத்திய வங்கியின் பிடியும் தளரும்.

இருந்தாலும் அங்கே பெசோ வழக்கொழிந்துவிடவில்லை. மக்கள் பெசோவைவிட்டு ஓடியது காயின் மீதுள்ள மோகத்தால் அல்ல. விலைவாசி மீதுள்ள பயத்தால். அந்தப் பயத்தைப் போக்கும் அரசின் பணத்தை எந்தக் காயினாலும் அசைக்க முடியாது.