தலைசுற்றும் கண்களும்

ஸுஜூதுக்குக் குனியும்போதும் படுக்கையில் புரளும்போதும் வீடே சுழல்வதாக நம் தாய்மார் சிலர் சொல்வதுண்டு. "பித்தம்", "பிரஷர்" என்று தாமே முடிவுகட்டி நாளைக் கடத்திவிடுகிறார்கள். கோளாறு பெரும்பாலும் உட்காதில்தான் இருக்கும்.

கடுகண்ணாவை வளைவுகளில் பஸ் குலுங்கினாலும் வெளியே உள்ள பெயர்ப்பலகையை வாசிக்க முடிகிறதே, எப்படி? தலை ஒரு பக்கம் திரும்பினால் கண்கள் தாமாகவே மறுபக்கம் திரும்பிப் பார்வையை நிலைநிறுத்துகின்றன. இதற்குச் செய்தி அனுப்புபவை உட்காதின் மூன்று அரைவட்டக் குழாய்கள்.

காதினுள் இருக்கும் நுண்ணிய சுண்ணாம்புத் துகள்கள் இடம்பெயர்ந்து இக்குழாய்க்குள் விழுந்தால், தலை அசைந்து நின்ற பின்னும் "சுழல்கிறது" என்ற பொய்ச்செய்தி போகும். கருவிழிகள் துடிக்கும், உலகம் சுழலும். காதில் குளிர்நீரும் வெதுவெதுப்பான நீரும் செலுத்தி இத்துடிப்பை ஆராய்ந்த ராபர்ட் பாரனிக்கு 1914ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசு கிடைத்தது.

ஆகவே கண்டியிலோ பேராதனையிலோ டாக்டர் உங்களைச் சட்டெனப் படுக்கவைத்துக் கண்களை உற்றுநோக்கினால் வியக்காதீர்கள். துகள்தான் காரணமென்றால், அவர் தலையை முறைப்படி திருப்பிவிடும் சில நிமிடச் சிகிச்சையே பலருக்குப் போதும். சுகமாகும்வரை உட்கார்ந்து தொழ மார்க்கம் இடமளிக்கிறது. மலைப்படிகளில் தனியே இறங்காதீர்கள்.

பேச்சுக் குழறல், இரட்டைப் பார்வை, ஒருபக்கக் கைகால் சோர்வு ஆகியவற்றில் ஒன்று சேர்ந்து வந்தாலும் தாமதியாமல் ஆஸ்பத்திரிக்குச் செல்லுங்கள்.