முறை வைத்துக் காற்றைத் தாங்கி

பெர்லின் மாரத்தான் என்றதும் எல்லாருக்கும் ஞாயிற்றுக்கிழமை காலைதான் நினைவுக்கு வரும். 2022இல் எலியுட் கிப்சோகே 2 மணி 1 நிமிடம் 9 விநாடியில் ஓடி முடித்து உலக சாதனை படைத்த பாதை அது. அதே பாதையை, அதே 42.195 கிலோமீட்டரை, முந்தைய நாள் சனிக்கிழமை பிற்பகலில் ஆயிரக்கணக்கானோர் ஸ்கேட் கட்டிக்கொண்டு கடக்கிறார்கள். 1997 முதல் இந்த இன்லைன் ஸ்கேட்டிங் மாரத்தான் நடந்துவருகிறது. முன்னணி வீரர்களுக்கு இதை முடிக்க ஒரு மணி நேரம்கூடத் தேவைப்படுவதில்லை. பெல்ஜியத்தின் பார்ட் ஸ்விங்ஸ் இங்கே பலமுறை வென்றிருக்கிறார். 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் ஐஸ் ஸ்பீட் ஸ்கேட்டிங்கின் ‘மாஸ் ஸ்டார்ட்’ பிரிவில் தங்கம் வாங்கியவரும் அவர்தான். கோடையில் சக்கரம், குளிர்காலத்தில் கத்தி என்று இரண்டிலும் வாழ்கிற வீரர்கள் ஐரோப்பாவில் நிறைய. உடலைத் தாழ்த்துவது, பக்கவாட்டில் உந்துவது, ஒற்றைக் காலில் எடையை நிறுத்துவது எல்லாமே இரண்டுக்கும் பொது.

நாங்கள் போனது ஜெயிக்க அல்ல. சிங்கப்பூரின் ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் விடிவதற்கு முன் கூடிச் சறுக்குகிற சிறிய குழு எங்களுடையது. ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர் ஒருவர், மருத்துவமனைத் தாதி ஒருவர், மலாய்த் தம்பதி, பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர் ஒருவர், நான் என்று கலவையான கூட்டம். கடலோரப் பாதை சமதளமானது, நிழல் உள்ளது, அழகானது. ஆனால் ஏழு மணி ஆகிவிட்டால் சைக்கிள்கள், குழந்தைகள், நாய் நடத்துபவர்கள் என்று நிறைந்துவிடும். அப்புறம் வேகம் எடுக்க முடியாது, எடுக்கவும் கூடாது. 42 கிலோமீட்டரையும் ஒரே மூச்சில், வண்டி வராத அகலமான சாலையில் போய்ப் பார்க்க வேண்டும் என்ற ஆசை ஸ்கேட் கட்டியவர்கள் எல்லாருக்கும் உண்டு. ஒரு தலைநகரமே சாலைகளை அடைத்துக் கொடுக்கிற இடம் பெர்லின். அதற்காகவே உண்டியல் போட்டதுபோல் மாதாமாதம் வெள்ளி சேர்த்துக் கிளம்பினோம்.

தனியாகவும் போய்ப் பதிந்துகொள்ளலாம். ஆனால் இந்த விளையாட்டைத் தனியாகச் செய்வதில் பொருளே இல்லை என்பது என் உறுதியான எண்ணம். காரணம் காற்று.

ஓடுகிறவருக்குக் காற்று பெரிய எதிரி அல்ல. மணிக்கு 25, 30 கிலோமீட்டரில் சறுக்குகிறவருக்கு அதுதான் முதல் எதிரி. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் தடை நான்கு மடங்காகும். அதை வெல்லத் தேவைப்படும் திறனோ எட்டு மடங்கு. ஆகவே, முன்னால் ஒருவர் காற்றைப் பிளந்துகொண்டு போக, அவருக்குப் பின்னால் ஒட்டினாற்போல் வருபவருக்குப் பெரிய அளவு உழைப்பு மிச்சமாகிறது. சைக்கிள் பந்தயக்காரர்கள் செய்வது இதைத்தான். ஸ்கேட்டர்கள் இன்னும் நெருங்கி வருவார்கள். முன்னால் இருப்பவரின் இடுப்புக்கும் பின்னால் வருபவரின் முகத்துக்கும் ஒரு கை நீளம்கூட இருக்காது. சில நேரம் பின்னால் வருபவர் கையை நீட்டி முன்னவரின் கீழ்முதுகில் லேசாக வைத்துக்கொள்வார். தள்ளுவதற்காக அல்ல, இடைவெளி குறைந்தால் அந்தக் கைக்கு முதலில் தெரியும் என்பதற்காக.

இதில் ஒரு நிபந்தனை இருக்கிறது. எல்லாருடைய காலும் ஒரே நேரத்தில் ஒரே பக்கம் போக வேண்டும். முன்னவர் வலக்காலை உந்தும்போது பின்னவர் இடக்காலை உந்தினால் சக்கரமும் சக்கரமும் மோதும். மோதினால் ஒருவர் மட்டும் விழமாட்டார், வரிசையே விழும். பந்தய ஸ்கேட்டில் குதிகால் பிரேக்கும் கிடையாது. வரிசைக்குள் வேகத்தைக் குறைக்க வேண்டுமானால் குனிந்த உடலைச் சற்றே நிமிர்த்தி, நெஞ்சால் காற்றை வாங்கிக்கொள்ள வேண்டும். ஆக, நம் முகத்துக்கு நேரே இருக்கும் முதுகு நிமிர்கிறதா என்று பார்த்துக்கொண்டே போவதுதான் வேலை. பல மாதங்கள் நாங்கள் பழகியது வேகத்தை அல்ல, இதைத்தான். எங்கள் தாதித் தோழி, வார்டில் இரவுப் பணி முடித்துவிட்டு நேராகப் பூங்காவுக்கு வருவார். புறப்படும்போது வரிசையின் இரண்டாம் இடம் அவருடையது. முதலாமவரின் மூச்சு மாறுவதைக் கேட்டே அவர் களைத்துவிட்டார் என்று கண்டுபிடித்துவிடுவார். களைத்தவர் இடப்பக்கம் ஒதுங்கி, வரிசையைக் கடக்கவிட்டு, கடைசியில் போய்ச் சேர்ந்துகொள்ள வேண்டும். அடுத்தவர் காற்றை ஏற்றுக்கொள்வார். முறை வைத்து மாற்றிக்கொண்டே போனால், தனியாகப் போகிறவர் கனவிலும் எட்ட முடியாத வேகத்தை நடுத்தர உடம்புக்காரர்கள் ஒரு குழுவாக எட்டிவிடலாம்.

பேருந்து ஓட்டிய அண்ணனைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். எங்கள் எல்லாருடைய சக்கரங்களையும் அவர்தான் பராமரிக்கிறார். உந்தும்போது சக்கரத்தின் உள்விளிம்பு தேய்வதால் சக்கரம் ஒரு பக்கமாகச் சரிந்துவிடும். அவ்வப்போது கழற்றி, இடது ஸ்கேட்டில் இருந்ததை வலதுக்கும் வலதில் இருந்ததை இடதுக்கும் திருப்பி மாட்ட வேண்டும். அண்ணன் ஒவ்வொரு சக்கரத்தின் மீதும் மார்க்கரால் சிறு புள்ளி வைத்திருப்பார். பெர்லின் விடுதியில், போட்டிக்கு முந்தைய இரவு, படுக்கைமேல் பழைய செய்தித்தாளை விரித்து, 110 மில்லிமீட்டர் சக்கரங்களை வரிசையாக அடுக்கி, ஒவ்வொரு பேரிங்கையும் விரல்நுனியில் பிடித்துச் சுண்டிவிட்டுக் காதருகே வைத்துக் கேட்டார். ஒன்றில் லேசான கரகரப்பு. மாணவருடையது.

“தம்பி, இவன் போன வாரம் மழையில ஓட்டியிருக்கான் பாரு” என்றார் என்னிடம்.

“மாத்திடுங்கண்ணே, என்கிட்ட புதுசு ஒரு செட்டு இருக்கு.”

“இருக்கட்டும், ஒண்ணு போதும். மத்ததெல்லாம் நல்லா பாடுது.”

விமானத்தில் எங்கள் ஸ்கேட்டுகள் கைப்பையில்தான் வந்தன. பெரும்பாலான ஸ்கேட்டர்கள் அப்படித்தான் செய்வார்கள். சூடாக்கிக் காலின் வடிவத்துக்கு ஒட்டிச் செய்துகொண்ட பூட்ஸ் அது. பெட்டியோடு எங்காவது தொலைந்தால் இன்னொரு ஜோடி வாங்கிப் பயனில்லை, கொப்புளத்தோடுதான் முடிக்க வேண்டும்.

பந்தய எண்ணை வாங்கிக்கொண்டது டெம்பல்ஹோஃப் பழைய விமான நிலையத்தில். அண்மை ஆண்டுகளில் மாரத்தான் கண்காட்சி நடக்கும் இடம் அது. 1948, 1949இல் சோவியத் படை மேற்கு பெர்லினுக்கான சாலைகளையும் ரயிலையும் அடைத்தபோது நிலக்கரியும் மாவும் சுமந்த விமானங்கள் வந்திறங்கிய தளங்களில் ஒன்று. 2008இல் விமானப் போக்குவரத்து நின்றது; 2010இல் ஓடுதளத்தைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். இன்று அந்த ஓடுதளத்தில் மனிதர்கள் சறுக்குகிறார்கள், சைக்கிள் ஓட்டுகிறார்கள், பட்டம் விடுகிறார்கள். எண்ணை வாங்கிய கையோடு நாங்களும் ஸ்கேட் கட்டி இறங்கினோம். அவ்வளவு அகலமான, திருப்பமே இல்லாத தார்ப்பரப்பை நான் பார்த்ததில்லை. ஆறு பேரும் வரிசை கட்டி ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போய்த் திரும்பினோம். எதிர்க்காற்றில் போகும்போது வாய்திறந்து பேச முடியவில்லை. திரும்பும்போது அதே காற்று முதுகைத் தாங்கிக் கொண்டுவந்து விட்டது. விமானம் இறங்குவதற்காகக் கட்டிய தளத்தை ஒரு நகரம் வீட்டுமனைகளாக்காமல் மக்களிடம் கொடுத்திருக்கிறது. 2014இல் பெர்லின் மக்கள் வாக்கெடுப்பு நடத்தி, அங்கே கட்டடம் எழுப்பக் கூடாது என்று தீர்மானித்தார்கள். இதைவிட நல்ல முடிவை ஒரு நகரம் எடுத்திருக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

சனிக்கிழமை பிற்பகல், ஜூன் 17 சாலை. முன்னால் வெற்றித் தூண், பின்னால் பிராண்டன்பர்க் வாயில், இரு பக்கமும் டீயர்கார்ட்டன் பூங்காவின் மரங்கள். முந்தைய நேரங்களை வைத்துப் பிரித்த தொகுதிகளாக நிற்க வேண்டும். ஹெல்மெட் கட்டாயம். ஓடுகிற மாரத்தானின் தொடக்கத்தில் கேட்கும் காலடிச் சத்தம் இங்கே இல்லை. ஆயிரக்கணக்கான சக்கரங்கள் தாரில் உருளும் ஒரே சீரான இரைச்சல் மட்டும் கேட்கும். அது மெல்ல ஏறி, நம் தொகுதியின் முறை வரும்போது காதை நிறைத்துவிடும்.

பாதை ஏறக்குறைய முழுவதும் சமதளம். ஆனாலும் சக்கரக்காரர் கண்ணுக்கு அது சமதளமாகத் தெரியாது. சாக்கடை மூடி, சாலையில் அடித்த வெள்ளைக் கோடு, தார் ஒட்டுப்போட்ட விளிம்பு எல்லாமே உள்ளங்காலில் எழுதிக்கொண்டு போகும். பழைய கிழக்கு பெர்லின் பகுதிக்குள் நுழைந்ததும் டிராம் தண்டவாளங்கள் குறுக்கே வந்தன. அவற்றைக் குறுக்காக, முடிந்தவரை செங்கோணத்தில் கடக்க வேண்டும். சாய்ந்து கடந்தால் சக்கரம் பள்ளத்தில் மாட்டிக்கொள்ளும். அண்ணன் முன்னால் இருந்தார். வலக்கையைத் தாழ்த்தி விரலால் தரையைச் சுட்டினார். அவர் சுட்டியதை இரண்டாமவர் சுட்ட, அவரைப் பார்த்து மூன்றாமவர் சுட்ட, கடைசியில் இருந்த எனக்குப் பின்னால் எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்டிருந்த அந்நியர்கள்வரை அந்தச் சைகை போய்ச் சேர்ந்தது.

அந்நியர்கள் என்றேன். கிராய்ட்ஸ்பெர்க் பக்கம் போவதற்குள் எங்கள் வரிசை ஆறு பேராக இல்லை. டென்மார்க் கொடி போட்ட இருவர், நரைத்த கூந்தலைப் பின்னிய ஜெர்மன் மூதாட்டி ஒருவர், வேறு சிலர். யாரும் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. வரிசையில் சேர்ந்தவர் முறை வரும்போது முன்னால் போக வேண்டும் என்பது மட்டும் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. 28ஆம் கிலோமீட்டர் அருகே வில்டர் ஏபர் சந்திப்பில் மேளமும் கைதட்டலும் காதை அடைத்தன. அதைத் தாண்டியதும் எதிர்க்காற்று. அந்த நேரத்தில் தாதித் தோழியின் கீழ்முதுகு பிடித்துக்கொண்டது. ஸ்கேட்டிங் மாரத்தானில் முதலில் வலிப்பது முழங்கால் அல்ல, குனிந்தே இருக்கும் இடுப்புதான். அவர் ஒதுங்கப் பார்த்தார். மூதாட்டி தலையசைத்து, அவரைத் தன் பின்னால் வரச் சொல்லிக் கைகாட்டிவிட்டு, வரிசையின் முன்னால் போனார். அங்கிருந்து கூர்ஃபூர்ஸ்டன்டாம் சாலைவரை அவர் இடத்தை விட்டே கொடுக்கவில்லை. அகன்ற தோள்கள், தாழ்ந்த முதுகு, பதற்றமே இல்லாத நீண்ட உந்தல்கள். அந்தத் தூரத்தில் அவர் எங்களுக்குக் கொடுத்ததை நிமிடங்களில் கணக்கிடலாம். நான் கணக்கிட விரும்பவில்லை.

போட்ஸ்டாம் சதுக்கத்துக்குப் பிறகு வரிசை கலைந்தது. முடிவு நெருங்கினால் காலில் மிச்சம் வைத்திருப்பவர்கள் வெடித்துக் கிளம்புவது வழக்கம். எங்கள் மாணவரும் கிளம்பினார், போகட்டும் என்று விட்டோம். உன்டர் டென் லிண்டன் சாலையில் திரும்பியதும் பிராண்டன்பர்க் வாயில் தெரிகிறது. தெரிந்த பிறகும் அது கிட்டே வர நேரமாகிறது. 1961 முதல் 1989வரை இந்த வாயிலுக்கு மேற்கே ஒட்டினாற்போல் சுவர் நின்றது. 1990 செப்டம்பர் 30 அன்று, ஜெர்மனி சட்டப்படி ஒன்றாவதற்கு மூன்று நாள் முன்பாக, மாரத்தான் முதல்முறையாக இதன் வழியே ஓடியது. சுவர் போன தடத்தை நகரத்தில் பல இடங்களில் இரட்டை வரிசைக் கற்களால் பதித்து வைத்திருக்கிறார்கள். வாயிலைத் தாண்டி முடிவுக்கோட்டுக்குப் போகும் எவரும் அந்தத் தடத்தைக் கடந்துதான் போக வேண்டும். ஒரு காலத்தில் கடந்தால் சுடப்படுவோம் என்றிருந்த இடத்தை, மலாய்த் தம்பதி கைகோத்துக்கொண்டு கடந்தார்கள்.

பதக்கத்தோடு புல்வெளியில் உட்கார்ந்து ஸ்கேட்டைக் கழற்றும்போது, டென்மார்க்காரர்களில் ஒருவர் எங்கள் ஊர் எது என்று விசாரித்தார். சிங்கப்பூர் என்றோம். அண்ணனையும் என்னையும் பார்த்து, இந்தியாவில் இந்த விளையாட்டு உண்டா என்றார். அண்ணன் உடனே கைப்பேசியை எடுத்து ஆனந்த்குமார் வேல்குமாரின் படத்தைக் காட்டினார். சென்னைப் பையன். 2021இல் கொலம்பியாவில் நடந்த உலக இளையோர் போட்டியில் வெள்ளி வாங்கியவர். 2023இல் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டில் 3000 மீட்டர் தொடர் போட்டியில் வெண்கலம் வென்ற இந்திய அணியில் இருந்தவர். அதே நாளில் மகளிர் தொடரிலும் இந்தியாவுக்கு வெண்கலம். அந்த அணியில் ஆரத்தி கஸ்தூரி ராஜும் கார்த்திகா ஜெகதீஸ்வரனும் தமிழ்நாட்டுப் பெண்கள். 2025 செப்டம்பரில் சீனாவின் பெய்தாய்ஹேயில் நடந்த உலக ஸ்பீட் ஸ்கேட்டிங் போட்டியில் ஆனந்த்குமார் 1000 மீட்டரில் தங்கம் வென்றார், இந்த விளையாட்டில் உலக அரங்கில் இந்தியாவின் முதல் தங்கம். அதோடு நிற்காமல் 42 கிலோமீட்டர் மாரத்தானிலும் தங்கம்.

இதையெல்லாம் தமிழ்ப் பத்திரிகைகள் இன்னும் சத்தமாகச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். தமிழ்நாட்டில் ஸ்கேட் வகுப்புக்குப் போகிற நடுத்தர வீட்டுப் பிள்ளைகள் நிறைய. பத்தாம் வகுப்பு வந்ததும் ஸ்கேட் பரணுக்குப் போய்விடுகிறது. ஐரோப்பாவிலும் நிலைமை தேய்ந்துதான் வருகிறது: 1990களில் எழுந்த இன்லைன் அலை இந்த நூற்றாண்டின் தொடக்கத்துக்குப் பிறகு வடிந்துவிட்டது, பல நகரப் போட்டிகள் நின்றுபோயின. பெர்லினில் இன்றும் இது நிலைத்து நிற்பதற்குக் காரணம், அந்த மூதாட்டியைப் போல வளர்ந்த பிறகும் ஸ்கேட்டைக் கழற்றாதவர்கள் அங்கே குழுக்குழுவாக இருப்பதுதான். சென்னையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில், சில மணி நேரம் கடற்கரைச் சாலையை அடைத்துக் கொடுத்தால் போதும். சக்கரங்கள் ஏற்கெனவே வீடுகளில் இருக்கின்றன.

மறுநாள் ஓட்டக்காரர்களுக்குக் கைதட்ட வில்டர் ஏபருக்குப் போனோம். எங்களுக்குத் தட்டிய கைகளுக்கு அது நாங்கள் கொடுக்க வேண்டிய முறை. இப்போது எங்கள் குழுவுக்கு இரண்டு புதியவர்கள் வந்திருக்கிறார்கள். தாதித் தோழி அவர்களை வரிசையில் மூன்றாவது, நான்காவது இடத்தில் வைத்துப் பழக்குகிறார். இன்னும் முன்னால் விடவில்லை. கால் ஒத்துப்போக வேண்டும், அதற்கே சில மாதம் ஆகும்.