துவைத்த விரிப்பும் ஓர் இரக்கச் செயலே



மாதத்தின் முதல் வெள்ளியன்று நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டு செல்லும் அருள்பணியாளர்கள் அவ்வப்போது கேட்கும் வார்த்தை ஒன்று உண்டு: "வீடு கிடக்கிற கிடையில வேண்டாம் சாமி, அடுத்த மாசம் வாங்க." ஆண்டவர் மேல் ஆவல் இல்லாமல் அல்ல, வீட்டிலிருந்து வரும் வாடைக்கு வெட்கப்பட்டே அப்படிச் சொல்கிறார்கள். துவைக்கப்படாத துணி ஒருவரை நற்கருணையிலிருந்தே விலக்கி வைக்கிறது என்றால், அதைப் பற்றி நாம் சிந்தித்தே ஆகவேண்டும்.

பக்கவாதம், புற்றுநோய், முதுமை ஆகியவற்றால் படுக்கையில் இருப்போருக்கு வீட்டிலேயே மருத்துவம் அளிக்கும் முறை இன்று பரவிவருகிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் இரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளையும், இயன்முறை மருத்துவத்தையும், வலி தணிப்புச் சிகிச்சையையும் வீட்டு வாசலுக்கே கொண்டு வந்தது. ஆனால் செவிலியர் புண்ணைக் கட்டிவிட்டுப் போன பிறகு, நனைந்த விரிப்பும் கழுவாத பாத்திரமும் அப்படியே இருக்கும். பிள்ளைகள் வெளியூரில் இருந்தால், எழுபது வயது மனைவிதான் தண்ணீரில் ஊறிய அந்தக் கனத்த விரிப்பைப் பிழிய வேண்டும்.

இது வெறும் சுத்தம் பற்றிய காரியம் அல்ல. ஈரமும், விரிப்பில் விழும் சுருக்கமும், ஒரே பக்கமாகப் படுத்திருப்பதும் படுக்கைப் புண்ணுக்குக் காரணங்கள். நோயாளியை இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்கச் சொல்வது வழக்கம். அதோடு உலர்ந்த, சுருக்கமற்ற விரிப்பும் வேண்டும். ஆகவே துவைப்பதும் மருத்துவத்தின் ஒரு பகுதியே.

திருச்சபை இதை எப்போதோ உணர்ந்திருக்கிறது. 1865இல் பாரிசு நகரில் அருள்பணி எத்தியேன் பெர்னேயும் அந்துவானெத் ஃபாஜும் 'விண்ணேற்பு அன்னையின் சிறிய சகோதரிகள்' சபையைத் தொடங்கினார்கள். அச்சகோதரிகள் ஏழைத் தொழிலாளர் வீடுகளுக்குச் சென்று, மத வேறுபாடு பாராமல், கட்டணமின்றி நோயாளிகளைக் கவனித்தார்கள். நோயுற்றவர் குடும்பத் தாயாக இருந்தால், அவர் செய்யவேண்டிய வீட்டு வேலைகளையும் தாங்களே செய்தார்கள்.

நம் நாட்டில் இதற்கு இரண்டு தடைகள் உண்டு. அடுத்தவர் துணியை வெளுப்பது ஒரு சாதியின் வேலை என்று ஒதுக்கி, அதைச் செய்தவர்களை இழிவாக நடத்திய பாவம் ஒன்று. வீட்டு நோயாளியின் துணி மருமகளின் பொறுப்பு என்று ஆண்கள் ஒதுங்கிக்கொள்வது மற்றொன்று. அடிமைகளின் வேலையாகக் கருதப்பட்டதைத் தம் கையால் செய்த ஆண்டவர் (யோவான் 13) இரண்டையும் தகர்த்துவிட்டார். பெரிய வியாழனன்று பன்னிருவரின் காலடிகளைக் கழுவும் சடங்கைப் பார்த்து நெகிழும் நாம், பக்கத்து வீட்டு விரிப்பைத் துவைக்கத் தயங்கலாமா?

எப்படிச் செய்வது? முதலில் அனுமதி கேட்க வேண்டும். காலடிகளைக் கழுவ விடாமல் பேதுருவே மறுத்தார். பிறரிடம் உதவி பெறுவது எளிதல்ல. "உங்க துணியைத் துவைக்க வந்தோம்" என்பதைவிட, "அம்மா, இன்னைக்கு நாங்க எதைச் செஞ்சா உங்களுக்கு உதவியா இருக்கும்?" என்று கேட்பது நல்லது.

அழுக்குத் துணியைக் கையுறை அணிந்து எடுத்து, வீட்டாரின் மற்றத் துணிகளோடு சேர்க்காமல் தனியே துவைக்க வேண்டும். மலம் ஒட்டியிருந்தால் முதலில் அதைக் கழிவறையில் அகற்றிவிட வேண்டும். இரத்தக் கறைக்குக் குளிர்ந்த நீரே ஏற்றது. வெந்நீர் பட்டால் கறை படிந்துவிடும். பிறகு சோப்புத்தூளிட்டு வெந்நீரில் அலசி, நல்ல வெயிலில் முழுவதும் உலர்த்த வேண்டும். பிளீச்சிங் பவுடரோடு கழிவறை கழுவும் ஆசிட்டை ஒருபோதும் கலக்கக்கூடாது. நச்சு வாயு வெளியாகும். தரையைத் துடைத்தால் ஈரம் காயும்வரை யாரையும் நடக்க விடக்கூடாது. முதியோருக்கு ஒரு வழுக்கலே இடுப்பெலும்பு முறியப் போதும்.

கண்ணாடி, மருந்து, செபமாலை ஆகியவற்றை இருந்த இடத்திலேயே வைக்க வேண்டும். பயனற்றது என்று நமக்குத் தோன்றும் எதையும் கேட்காமல் எறியக்கூடாது. ஊசி போடுவது, புண்ணைக் கட்டுவது நம் வேலை அல்ல. இருவராகச் செல்வது நலம். அங்கே கண்டதை வெளியே பேசாதிருப்பதும் இப்பணியின் பகுதியே. கூலிக்கு ஆள் வைக்கும் வீடுகளோ, அவர்களுக்கு நியாயமான ஊதியம் தர வேண்டும். அது தருமம் அல்ல, நீதி.

நம் அன்பியக் கூட்டங்களில் செபிக்கிறோம், பாடுகிறோம். அடுத்த கூட்டத்தில் ஒரு கேள்வியைச் சேர்த்துக்கொள்வோம்: நம் தெருவில் படுக்கையில் இருப்பவர் யார், அவருடைய துணியைத் துவைப்பவர் யார்? வாரம் ஒரு மணி நேரம் இரண்டு பேர் முன்வந்தால் போதும். இளைஞர் குழுவின் பிள்ளைகளும், நம் ஆண்களும் அந்த இருவரில் இருக்கட்டும். நோயுற்றிருந்தபோது தம்மைக் கவனித்தவர்களை ஆண்டவர் தீர்ப்பு நாளில் பெயர் சொல்லி அழைக்கும்போது, வாளியும் சோப்புமாக அவ்வீட்டுக் கொல்லையில் நின்றவர்களும் அந்த வரிசையில் நிற்பார்கள்.