மருத்துவச்சியும் சர்வகலாசாலையும்

1827-ம் வருஷத்தில் ஜெர்மனியிலுள்ள மார்பர்க் சர்வகலாசாலை, பாரிஸ் நகரத்து மருத்துவச்சி ஒருவருக்கு வைத்திய டாக்டர் என்னும் கௌரவப் பட்டத்தை அளித்தது. அந்த அம்மையாரின் பெயர் மரீ புவாவேன். அந்நிய தேசத்துப் பண்டிதர்கள் அளித்த இந்தப் பட்டத்தாலும் அவருடைய சொந்த நகரத்து வைத்திய மகாசபையின் கதவு திறக்கவில்லை. ஸ்திரீ என்பதற்காக அச்சபை அவரை அங்கத்தினராகச் சேர்த்துக் கொள்ள மறுத்துவிட்டது. அச்சபையில் வீற்றிருந்த கனவான்களில் பலருடைய பெயர்கள் இன்று அவர்கள் தேசத்தாருக்கே தெரியா. அம்மையாரின் பெயரோ பிரசவ சாஸ்திரத்தின் சரித்திரத்தில் நிலைத்து நிற்கிறது.

பிரசவம் பார்ப்பது கைத்தொழில், அதற்குப் படிப்பு எதற்கு என்று கேட்பவர்கள் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்காகவே அம்மையாரின் வரலாற்றைச் சற்று விரிவாகக் கூற விரும்புகிறோம்.

1773-ல் வெர்ஸேல்ஸுக்கு அருகே பிறந்த மரீ, கன்னியாஸ்திரீகளிடம் கல்வி கற்று, ஆஸ்பத்திரியிலே சரீர சாஸ்திரத்தையும் பிரசவ வேலையையும் பழகினார். 1797-ல் ஒரு சர்க்கார் குமாஸ்தாவை மணந்தார். விரைவிலேயே கணவனை இழந்து, ஒரு பெண் குழந்தையோடு தனித்து நின்றார். 1800-ல் மருத்துவச்சிப் பட்டம் பெற்றார். அந்தக் குழந்தையும் பின்னர் இறந்தது. பாரிஸிலுள்ள பிரசவ ஆஸ்பத்திரியில் லாஷப்பெல் அம்மையாரின்கீழ் வேலை செய்து வந்தவர், 1812-ல் பிரசவக் கலையைப் பற்றி ஒரு நூலை வெளியிட்டார். அது பலமுறை பதிப்பிக்கப்பட்டு, ஜெர்மன் பாஷையிலும் பெயர்க்கப்பட்டது. கருப்பையில் பிள்ளைக்குப் பதிலாகத் திராட்சைக் குலைபோல் நீர்க்குமிழிகள் வளரும் வியாதியைப் பற்றி அவர் ஆராய்ந்து எழுதிய நூல், மார்பர்க் பட்டம் கிடைத்த அதே 1827-ல் வெளிவந்தது. இடுப்பெலும்பின் அகலத்தை அளக்கும் கருவி ஒன்றையும் அவர் அமைத்தார். 1841-ல் அற்ப உபகாரச் சம்பளத்தோடு வறுமையில் இறந்தார்.

அவருக்குத் தலைவியாயிருந்த லாஷப்பெல் அம்மையாரையும் இங்கே குறிப்பிடாமல் விட முடியாது. தாயும் மருத்துவச்சி, மகளும் மருத்துவச்சி. அக்காலத்துப் பேராசிரியர் போதலோக் என்பவர் கர்ப்பத்தில் சிசு இருக்கும் நிலைகளை 94 வகையாகப் பிரித்து, மாணவர்களை மனப்பாடம் செய்யச் சொன்னார். லாஷப்பெல் அம்மையார் அவற்றை 22 ஆகக் குறைத்தார். எந்த அதிகாரத்தால் குறைத்தார் என்று கேட்கலாம். தம்முடைய ஆஸ்பத்திரியில் நடந்த சுமார் 40,000 பிரசவங்களின் கணக்கு அவர் கையில் இருந்தது. பேராசிரியர் எண்ணிப் பார்த்த நிலைகளுள் பெரும்பாலானவை கட்டிலின்மேல் காணப்படவேயில்லை. நீதிஸ்தலங்களில் காலங்கழிக்கும் எமக்கு இது புதுமையாகத் தோன்றவில்லை. நேரில் கண்டவன் கூண்டிலேறிச் சொல்லும் சாட்சியத்தின் முன் எவ்வளவு அழகான யூகமும் நில்லாது. ஆனால் கண்ட சாட்சி வாய் திறக்க வேண்டும். திறந்தால் எழுதிக் கொள்ள ஆள் வேண்டும். லாஷப்பெல் 1821-ல் இறந்த பின்பு அவருடைய நூலை முடித்து வெளியிட்டவர் மருமகனாகிய துஜேஸ் என்னும் டாக்டர். இந்த துஜேஸே 1833-ல் புவாவேன் அம்மையாரோடு சேர்ந்து கருப்பை நோய்களைப் பற்றிய பெரிய கிரந்தத்தையும் எழுதினார்.

இவ்விருவரும் போட்ட பாதையில் அவர்களுடைய தொழில் தொடர்ந்து முன்னேறியிருக்க வேண்டும். அவ்வாறு நேரவில்லை. பல தேசங்களில் மருத்துவச்சிக்குப் பரீட்சை வந்தது, லைசென்ஸ் வந்தது. இங்கிலாந்தில் 1902-ல் தனிச் சட்டமே இயற்றினார்கள். சர்வகலாசாலையில் ஆசனம் மட்டும் வரவில்லை. ஆராய்வது வைத்தியர் வேலை, உத்தரவுப்படி நடப்பது மருத்துவச்சி வேலை என்ற பாகுபாடு நிலைபெற்றது.

அதன் நஷ்டம் யாருக்கு? தாய்மாருக்குத்தான். பத்திரிகையில் இதை எழுதுவது சிலருக்குக் கூச்சமாயிருக்கலாம். ஆயினும் பிறந்தவர்கள் அனைவரும் ஒரு தாயின் வேதனையில் பிறந்தவர்களே. ஆஸ்பத்திரியில் பிரசவத்துக்கு வந்த ஸ்திரீக்கு மயிர் மழிப்பதும் எனிமா கொடுப்பதும் நெடுங்காலம் கட்டாய வழக்கங்களாயிருந்தன. மழிப்பதால் பயனில்லை என்று 1922-லேயே அமெரிக்க வைத்தியர் இருவர் எழுதினார்கள். அதற்குப் பிறகும் கத்தி ஓய்ந்தபாடில்லை. 1980-லும் 1981-லும் இங்கிலாந்தில் மோனா ராம்னி என்னும் மருத்துவச்சி இவ்விரண்டையும் முறைப்படி சோதித்து, இவை தாய்க்கு அவமானத்தையும் அசௌகரியத்தையும் தவிர வேறொன்றும் தருவதில்லை என்று காட்டினார். வேண்டாதென்று சந்தேகித்தவர்கள் முன்னமே பலர் இருந்திருப்பார்கள். அந்த வேலையைத் தம் கையால் செய்து வந்தவர்களுள் ஒருவர் அச்சந்தேகத்தைச் சோதனையாக்கியதுதான் விசேஷம்.

இதைவிடப் பெரிய சோதனை 1984-ல் பிரசுரமாயிற்று. குழந்தை வெளிவரும் வாயிலைக் கத்தரியால் சிறிது வெட்டி, பின்பு தைப்பது அக்காலத்தில் மிகுதியாக நடந்து வந்தது. தானே கிழிவதைக் காட்டிலும் நேராக வெட்டியது நன்றாக ஆறும் என்பது சித்தாந்தம். ஜென்னிபர் ஸ்லீப் என்னும் மருத்துவச்சி தம் சகாக்களுடன் பெர்க்ஷயர் ஜில்லாவில் 1,000 தாய்மாரைச் சீட்டுப் போட்டது போல இரு பகுதியாகப் பிரித்தார். ஒரு பகுதியில் சிசுவுக்கு அபாயம் நேர்ந்தாலொழிய வெட்டுவதைத் தவிர்க்கும்படி ஏற்பாடு. மற்றதில் கிழிவைத் தடுக்கத் தாராளமாக வெட்டலாம் என்ற ஏற்பாடு. முதற் பகுதியில் 100-க்கு 10 பேருக்கும், இரண்டாவதில் 51 பேருக்கும் வெட்டு விழுந்தது. தாய்மாரின் வலியிலோ சிசுக்களின் நிலையிலோ வித்தியாசம் காணப்படவில்லை. கத்தரி படாத பகுதியில், காயமே இல்லாமல் எழுந்து சென்றவர்கள் அதிகம். பழைய சித்தாந்தத்துக்கு ஆதாரமில்லை என்று ஆயிற்று. அன்று முதல் இவ்விஷயத்தில் வைத்திய உலகின் கொள்கை மாறத் தொடங்கிற்று.

பிரிட்டனில் மருத்துவச்சித் தொழிலுக்கென்று முதல் பேராசிரியர் பதவி 1990-களில்தான் ஏற்பட்டது. அதில் அமர்ந்தவர் லெஸ்லி பேஜ். மார்பர்க் பட்டத்திலிருந்து எண்ணினால் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாகிறது! 2014-ல் லான்ஸெட் பத்திரிகை மருத்துவச்சி சேவையைப் பற்றி ஒரு கட்டுரைத் தொடரை வெளியிட்டபோது அதற்குத் தலைமை வகித்தவர் மேரி ரென்ப்ரூ என்னும் மருத்துவச்சிப் பேராசிரியர். தேர்ந்த மருத்துவச்சியின் பராமரிப்பால் தாய்க்கும் சேய்க்கும் விளையும் நன்மைகள் ஐம்பதுக்கு மேற்பட்டவை என்று அத்தொடர் எடுத்துக் காட்டிற்று.

வைத்தியர்களை நாம் குறை கூறவில்லை. அவசரத்தில் உயிர் காப்பது அவர்கள் கைதான். ஆனால் பிரெஞ்சு பாஷையில் மருத்துவச்சிக்கு அறிவுள்ள மாது என்று பொருள்படும் பெயர். நம் பாஷையிலோ மருத்துவர் என்ற சொல்லின் பெண்பாலே மருத்துவச்சி. இவ்வளவு உயர்ந்த பெயரைக் கொடுத்துவிட்டு, அத்தொழிலைச் செய்தவளைத் தீண்டத் தகாதவளாகக் கொல்லைப்புறமாக வரச் செய்து, முறத்தில் நெல்லை அளந்து போட்டு அனுப்பிய தேசம் நம்முடையது. அவளுக்குத் தெரிந்தவற்றை யாரும் எழுதி வைக்கவில்லை. அவற்றுள் எது மெய், எது மூடப் பழக்கம் என்று சோதித்துப் பார்த்தவர்களும் அநேகமாக இல்லை.

2018-ல் மத்திய சர்க்கார் மருத்துவச்சி சேவையைப் பற்றிய விதிமுறைகளை வெளியிட்டு, நர்ஸ் படிப்பு முடித்தவர்களுக்குப் பதினெட்டு மாதப் பயிற்சி ஒன்றை வகுத்தார்கள். இதை நாம் வரவேற்கிறோம். ஆனால் பயிற்சி முடிந்து வெளிவரும் பெண், பிரசவ அறையில் தான் காண்பவற்றைக் கணக்கெடுத்துச் சோதிக்கவும், அந்தச் சோதனையைத் தன் பெயரால் பிரசுரிக்கவும், அதற்காகச் சர்வகலாசாலையில் சம்பளமும் ஆசனமும் பெறவும் வழியுண்டா? நம் சட்டசபை அங்கத்தினர்கள் வைத்திய மான்யத்தின்மீது விவாதிக்கும்பொழுது மந்திரிகளிடம் இதைக் கேட்க வேண்டும். எத்தனை ஆசனங்கள், எந்தெந்தக் கலாசாலையில், எந்த வருஷத்திலிருந்து என்று திட்டமான பதிலையும் பெற வேண்டும்.