மணலுக்குள் ஓர் ஏரி
வறள்நில வாழ்க்கை – 6

கென்யாவின் கிட்டுயி கவுண்டி நைரோபிக்குக் கிழக்கே இருக்கிறது. சுமார் 30,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் 11 லட்சம் பேர். யாட்டா பீடபூமியும் 2013-இல் வந்த கவுண்டி ஆட்சியும் சென்ற வாரமே முடிந்தன. இந்த வாரத்துக்கு உரியது விவசாயம்; ஆனால் கிட்டுயியில் தண்ணீரைச் சொல்லாமல் வயலுக்குள் இறங்க முடியாது.

மழை ஆண்டுக்கு இருமுறை: மார்ச் முதல் மே வரை ஒன்று, அக்டோபர் முதல் டிசம்பர் வரை இன்னொன்று. முன்னதற்கு நெடுமழை என்று பெயர் இருந்தாலும், உழவர்கள் நம்பி விதைப்பது பின்னதைத்தான். வற்றாத ஆறுகளான தானாவும் ஆத்தியும் எல்லையோரம் போய்விடுகின்றன. உள்ளே ஓடுபவை மழைக்கு மட்டும் பெருகி, பிறகு மாதக்கணக்கில் வெறும் மணலாகக் கிடப்பவை.

அந்த மணலில்தான் தண்ணீர் இருக்கிறது. கம்பா மக்கள் காலங்காலமாக ஆற்றில் ஊற்றுத் தோண்டி, கேன்களில் நிரப்பிக் கழுதை மேல் ஏற்றிச் செல்கிறார்கள். இதையே பெரிதாக்கியது மணல் அணை. ஆற்றின் குறுக்கே, அடிப்பாறையில் ஊன்றிச் சுவர் எழுப்பப்படுகிறது. வெள்ளம் அடித்துவரும் பருமணல் சுவருக்குப் பின்னால் படிகிறது; மென்வண்டல் சுவரைத் தாண்டிப் போய்விடுகிறது. சுவரை ஒரேயடியாக உயர்த்தினால் வண்டலும் தங்கிவிடும். அதனால் பல இடங்களில் பருவத்துக்குக் கொஞ்சமாக உயர்த்துவார்கள். வேறு தேக்கங்களுக்குத் தூர்வது சாவு. இதற்கோ தூர்ந்தால்தான் வாழ்வு. நிரம்பிய பருமணலின் கன அளவில் மூன்றில் ஒரு பங்கு வரை தண்ணீர் நிற்கும். மேல்மணல் காய்ந்தாலும் ஆழத்து நீரை வெயில் எட்டாது; கொசுவும் முட்டையிட இடமில்லை. 1990-களிலிருந்து கிட்டுயியில் இத்தகைய அணைகள் நூற்றுக்கணக்கில் எழுந்துள்ளன. கல்லும் மணலும் சுமப்பது ‘முவெத்யா’ எனும் ஊர்க்கூட்டு உழைப்பு. அதில் பெண்களே மிகுதி.

பாறைகளும் சும்மா விடப்படவில்லை. மொட்டைக் குன்றுகளில் வழியும் மழையைச் சரிவின் அடியில் சுவர் கட்டிச் சேர்க்கும் முறை தெற்கே முத்தோமோ பக்கம் உண்டு. கிட்டுயி நகருக்கு அருகிலுள்ள நிசம்பானிப் பாறையின் புகழ் வேறு மாதிரி: அதை ஏழு முறை சுற்றினால் ஆண் பெண்ணாகவும், பெண் ஆணாகவும் மாறிவிடுவார்களாம்.

மணலுக்கு ஆபத்து லாரி வடிவில் வருகிறது. நகரக் கட்டடங்களுக்காக ஆற்றை அள்ளும்போது, போவது மணல் மட்டுமல்ல, கோடைக்கான குடிநீரும்தான். சிமெண்ட் சுவரைவிட மணலைக் காப்பதே கிட்டுயிக்குப் பெரிய வேலை.

பச்சைப்பயறு, துவரை, தட்டைப்பயறு, சோளம், கம்பு ஆகியவை அடுத்த வாரம்.