பை யாருடையது?



திருவரங்கத்தில் வாழ்பவர்களுக்குக் கோயில் மணியோசையைப் போலவே இரயில் வண்டியின் ஓசையும் பழகிப்போன ஒன்று. சென்னையிலிருந்து விருத்தாசலம், அரியலூர் வழியாக வரும் வண்டி கொள்ளிடப் பாலத்தைக் கடந்து எங்கள் தீவினுள் நுழைகிறது. சற்று நின்று இளைப்பாறிவிட்டுக் காவிரியைக் கடந்து திருச்சிராப்பள்ளியை அடைகிறது. மார்கழியில் வைகுண்ட ஏகாதசியை ஒட்டிய நாட்களில் அவ்வண்டிகளில் கால் வைக்க இடமிராது.

அத்தகைய ஒரு விடியற்காலையில் எங்கள் நிலையத்தில் ஒரு காட்சியைக் கண்டேன். பொதுப்பெட்டி ஒன்றில் இருக்கையின் அடியில் ஒரு பை கிடந்தது. காவலர் ஒருவர் அதைச் சுட்டிக்காட்டி, "இந்தப் பை யாருடையது?" என்று கேட்டார். பயணிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டனரேயன்றி யாரும் வாய் திறக்கவில்லை. சாட்சிகளை வைத்துக்கொண்டு பையைத் திறந்தார்கள். பழுப்பு நிற ஒட்டுநாடாவால் இறுகச் சுற்றிய பொட்டலங்கள் இருந்தன. அவற்றினுள் இருந்தது கஞ்சா. கேட்பாரற்ற பை என்று எழுதிக்கொண்டு அதை எடுத்துச் சென்றார்கள்.

சில மாதங்கள் சென்றபின் அதே வினா என் வீட்டுத் திண்ணைக்கே வந்து சேர்ந்தது. என்னிடம் முன்பு படித்த மாணவன் ஒருவனின் தந்தை வந்து அமர்ந்தார். நண்பன் ஒருவன் சொன்னதற்காக, மூவாயிரம் ரூபாய் கிடைக்கும் என்று, இரயிலில் வந்த ஒரு பையைப் பேருந்து நிலையத்தில் சேர்ப்பிக்க ஒப்புக்கொண்டிருக்கிறான் அவருடைய மகன். சந்திப்பு நிலையத்திலேயே பிடிபட்டான். பையில் இருந்தது நான்கு கிலோ கஞ்சா.

"ஐயா, அவன் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை என்கிறான். பிறருடைய பைக்கு என் பிள்ளை எப்படிக் குற்றவாளி ஆவான்?" என்று அவர் கேட்டார்.

எனக்கு விடை தெரியவில்லை. வழக்கறிஞர்களிடமும், பணி ஓய்வு பெற்ற காவல் அதிகாரி ஒருவரிடமும் கேட்டு, சட்ட நூலையும் புரட்டிப் பார்த்து நான் அறிந்துகொண்டவற்றையே இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறேன். இத்தனை ஆண்டுகள் பாடம் நடத்திய நான் இதை ஒரு மாணவனுக்கும் சொன்னதில்லை என்ற குறை எனக்கு உண்டு.

முதலில், கஞ்சா என்று சட்டம் எதைச் சொல்கிறது? அச்செடியின் பூக்கும் அல்லது காய்க்கும் நுனிப்பகுதியையே அப்பெயரால் குறிக்கிறது. ஆங்கிலேயர் காலத்தில் இதன் விற்பனைக்கு அரசே உரிமம் வழங்கி வரி பெற்றது. இப்பழக்கத்தின் விளைவுகளை ஆராய 1893இல் ஒரு குழு அமைக்கப்பட்டு, இந்தியா முழுவதும் சாட்சிகளை விசாரித்தது. பின்னர் 1930இல் அபாயகரமான மருந்துகள் சட்டம் வந்தது. 1961இல் ஐக்கிய நாடுகள் அவையின் சார்பில் உலக நாடுகள் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. அதில் இந்தியாவும் சேர்ந்தது. இவற்றின் முடிவாக, பழைய சட்டங்களை நீக்கிவிட்டு, போதை மருந்துகள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டம் 1985ஆம் ஆண்டு நவம்பர் 14ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. வடமாநிலங்களில் ஆங்கில எழுத்துக்களைச் சுருக்கி இதனை 'என்.டி.பி.எஸ்.' என்பர். நம் நீதிமன்றங்களிலும் அப்பெயரே வழங்குகிறது.

இனி, திருச்சிராப்பள்ளிக்கு இப்பை ஏன் வருகிறது என்று பார்ப்போம். தென்னாட்டுக்கு வரும் கஞ்சாவின் பெரும்பகுதி ஆந்திரமும் ஒடிசாவும் சந்திக்கும் கிழக்குத் தொடர்ச்சி மலைக்காடுகளில் விளைகிறது. சாலைகள் அரிதான, வறுமை மிகுந்த மலைப்பகுதி அது. அங்கே மலிவாகக் கிடைக்கும் சரக்கு ஒவ்வொரு கை மாறும்போதும் விலை ஏறுகிறது. விசாகப்பட்டினத்தின் வழியே கிழக்குக் கரையை ஒட்டி வரும் இரயில்கள் அதற்கு வழியாகின்றன. திருச்சிராப்பள்ளியோ தமிழ்நாட்டின் நடுவில் அமைந்த ஊர். சென்னை, மதுரை, தஞ்சை, கரூர், புதுக்கோட்டை ஆகிய எல்லாத் திசைகளுக்கும் இருப்புப்பாதையும் சாலையும் இங்கிருந்து பிரிகின்றன. வணிகனுக்கு எது வசதியோ அதுவே கடத்துபவனுக்கும் வசதி.

வந்த சரக்கு இவ்வூரிலேயே தங்கிவிடுவதும் இல்லை. ஒரு பகுதி சிறு பொட்டலங்களாகி உள்ளூரில் விற்கப்படுகிறது. மற்றொரு பகுதி நாகப்பட்டினம், புதுக்கோட்டை, இராமநாதபுரம் கடற்கரைகளுக்குச் சென்று படகேறி இலங்கைக்குப் போகிறது. ஆந்திர மலையில் விளைந்து தமிழகக் கரையில் ஏற்றப்படும் அச்சரக்குக்கு இலங்கையில் வழங்கும் பெயர் 'கேரள கஞ்சா' என்பதாகும்!

இதைத் தடுப்பவர் யார்? ஒரே துறை அன்று. நகருக்குள் மாநகரக் காவல்துறை இருக்கிறது. நகருக்கு வெளியே மாவட்டக் காவல்துறை இருக்கிறது. இரயில் நிலையங்களில் இருவகைக் காவலர்களைக் காணலாம். ஒரு வகையினர் மாநில அரசின் இருப்புப்பாதைக் காவலர். தமிழ்நாட்டில் அத்துறைக்குச் சென்னை, திருச்சிராப்பள்ளி என இரண்டே மாவட்டங்கள் உள்ளன. மற்றொரு வகையினர் நடுவண் அரசின் இரயில்வே பாதுகாப்புப் படையினர். இச்சட்டத்தின்கீழ் சோதனையிடவும் கைது செய்யவும் அவர்களுக்கு 2019இல் அதிகாரம் அளிக்கப்பட்டது. விமான நிலையத்திலும் கடற்கரையிலும் சுங்கத்துறை காவல் புரிகிறது. நாடு முழுவதற்குமாக 1986இல் நிறுவப்பட்ட போதைப்பொருள் கட்டுப்பாட்டுப் பணியகம் இவர்கள் அனைவரையும் இணைக்கிறது.

தமிழ்நாடு காவல்துறை 2021 டிசம்பரில் 'கஞ்சா வேட்டை' என்னும் பெயரில் மாநிலமெங்கும் ஒரு தேடுதலைத் தொடங்கி, பின்னர் அதைப் பலமுறை நடத்தியது. அதில் கவனிக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. விற்பவர்களைச் சிறையில் அடைத்ததோடு நில்லாமல், அவர்களுடைய வங்கிக் கணக்குகளையும் முடக்கினார்கள். கடத்தலில் ஈட்டிய சொத்தைப் பறிமுதல் செய்யச் சட்டத்தில் 1989 முதல் தனி அத்தியாயமே இருக்கிறது. பையைச் சுமப்பவன் போனால் இன்னொருவன் கிடைப்பான். பணம் போனால் தொழிலே முடங்கும். ஆனால், இரயிலில் பையைப் பிடிப்பது ஒரு மணி நேர வேலை. அதன் பின்னே இருக்கும் பணத்தைப் பிடிப்பதோ பல மாத வேலை. ஆகையால்தான், சுமந்தவன் அகப்படுகிறான், சுமக்கச் செய்தவன் பெரும்பாலும் அகப்படுவதில்லை.

இனி, அத்தந்தையின் வினாவுக்கு வருகிறேன்.

இச்சட்டத்தின் கையில் முதலில் இருப்பது ஒரு தராசு. 1985இல் சட்டம் பிறந்தபோது சிறிது வைத்திருந்தவனுக்கும் மிகுதியாக வைத்திருந்தவனுக்கும் தண்டனையில் போதிய வேறுபாடு இல்லை. 2001இல் செய்த திருத்தம் எடையைக் கொண்டு மூன்று படிகளை வகுத்தது. கஞ்சாவில் ஒரு கிலோவுக்குக் குறைந்தது சிறிய அளவு. அதற்கு ஓராண்டு வரை சிறை, அல்லது பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இருபது கிலோவுக்கு மேற்பட்டது வணிக அளவு. அதற்குக் குறைந்தது பத்தாண்டு, கூடினால் இருபதாண்டு கடுங்காவல். அபராதமும் ஓர் இலட்சத்துக்குக் குறையாது. பிணையில் வெளிவருவதும் மிக அரிது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்டதற்குப் பத்தாண்டு வரை சிறை விதிக்கலாம். ஹெராயினுக்கோ சிறிய அளவு 5 கிராம், வணிக அளவு 250 கிராம் மட்டுமே. அம்மாணவனின் நான்கு கிலோ நடுப்படியில் விழுந்தது.

இரண்டாவது, பையைப் பற்றிய விதி. நாம் பொதுவாக அறிந்த நீதி, குற்றத்தை அரசு மெய்ப்பிக்க வேண்டும் என்பது. இச்சட்டத்திலும் பொருள் அவன் வசம் இருந்தது என்பதை அரசே முதலில் காட்ட வேண்டும். ஆனால், அதைக் காட்டிவிட்டால், அறிந்தே வைத்திருந்தான் என்று நீதிமன்றம் கருதிக்கொள்ளும். 'நான் அறியேன்' என்பதை ஐயத்துக்கு இடமின்றி நிறுவ வேண்டிய பாரம் அவன் தலைமேல் ஏறுகிறது. திறந்து பார்க்கவில்லை என்று வாயால் சொன்னால் போதாது. மூன்று ரூபாய் பெறாத வேலைக்கு மூவாயிரம் ரூபாய் ஏன் தருகிறார்கள் என்று நீ எண்ணவில்லையா என்று நீதிபதி கேட்பார். அதற்கு விடை வேண்டும். பை யாருடையது என்பதைவிட யார் கையில் இருந்தது என்பதே அங்கே முதல் வினா.

இத்தகைய கடுமையான சட்டம் காவலர்களுக்கும் கடுமையான விதிகளை வைத்திருக்கிறது. ஒருவருடைய உடலைச் சோதிக்கும் முன், அரசிதழ்ப் பதிவு பெற்ற அதிகாரி அல்லது நடுவர் முன்னிலையில் சோதிக்குமாறு கேட்க அவருக்கு உரிமை உண்டு என்று சொல்லியாக வேண்டும். அப்படிச் சொல்லாததால் பல வழக்குகள் தோற்றிருக்கின்றன. எனினும், கையில் உள்ள பை உடலாகாது, அதற்கு இவ்விதி பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2005இல் தீர்ப்பளித்தது. பெண்ணைப் பெண்ணே சோதிக்க வேண்டும். கட்டடத்தினுள் நுழைய, கிடைத்த துப்பை முன்பே எழுத்தில் பதிய வேண்டும். கைப்பற்றியதை நடுவரிடம் கொண்டு சென்று, அவர் முன்னிலையில் மாதிரி எடுக்க வேண்டும். விசாரணை அதிகாரியிடம் குற்றவாளி ஒப்புக்கொண்டதாக எழுதிய வாக்குமூலத்தைக் கொண்டே தண்டிக்கலாகாது என்று 2020இல் உச்ச நீதிமன்றம் கூறியது.

இவையெல்லாம் வெறும் தாள் வேலை என்று எண்ணிவிடாதீர்கள். 2023இல் சென்னைச் சிறப்பு நீதிமன்றம் ஒன்றில் இருபத்திரண்டு கிலோ கஞ்சா வழக்கு முடிவுக்கு வந்தது. கைப்பற்றிய கஞ்சா எங்கே என்று கேட்டபோது, எலிகள் தின்றுவிட்டன என்று காவல்துறை தரப்பில் சொல்லப்பட்டது. குற்றம் சாட்டப்பட்ட இருவரும் விடுதலையாயினர். எடையைக் கொண்டு தண்டிக்கும் சட்டத்தில், எடை போடப் பொருளே இல்லையென்றால் நீதிபதி என் செய்வார்? விதியை மீறிப் பிடித்தால் குற்றமற்றவன் துன்புறுவான். விதியை மறந்து பிடித்தாலோ குற்றவாளி தப்புவான்.

கஞ்சாவோடு இச்செய்தி முடிவதில்லை. வலியைப் போக்கும் மாத்திரைகளை மருத்துவர் சீட்டின்றி வாங்கி, கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்ளும் கொடுமையும் இளைஞரிடையே பரவியிருக்கிறது. டிரமடால் என்னும் மாத்திரை 2018இல் இச்சட்டத்தின் பட்டியலில் சேர்ந்தது. விமானத்தில் ஏறும் பையும் இதே பைதான். நம் ஊரிலிருந்து சிங்கப்பூருக்கு நாள்தோறும் விமானங்கள் செல்கின்றன. அந்நாட்டில் 500 கிராமுக்கு மேல் கஞ்சா கடத்துபவனுக்குத் தூக்குத் தண்டனை விதிக்கச் சட்டம் இருக்கிறது. 'ஊருக்குத்தானே போகிறாய், இந்தப் பொட்டலத்தை என் அண்ணனிடம் கொடுத்துவிடு' என்று அறியாதவர் சொன்னால், இரக்கம் காட்டும் முன் இதை எண்ணிப் பாருங்கள்.

அடிமைப்பட்டவனுக்குச் சட்டம் கதவை முற்றிலும் அடைத்துவிடவில்லை. பழக்கத்துக்கு ஆட்பட்ட ஒருவன் போதைப்பொருள் உட்கொண்டதற்காகவோ, சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ குற்றம் சாட்டப்பட்டாலும், தானே விரும்பி அங்கீகாரம் பெற்ற மருத்துவமனையில் சிகிச்சை பெற்றால் வழக்கிலிருந்து விலக்குப் பெற இச்சட்டத்தின் 64ஏ பிரிவு வழி செய்கிறது. சிகிச்சையை இடையில் கைவிட்டால் அவ்விலக்கும் போய்விடலாம். 14446 என்னும் எண்ணில் மீட்புக்கான ஆலோசனை கிடைக்கும். கடத்தலைப் பற்றித் தெரிவிக்க 1933 என்னும் எண் இருக்கிறது. நண்பன் இப்பழக்கத்தில் விழுந்திருந்தால் அவனை மறைத்துக் காப்பது நட்பாகாது. மருத்துவரிடம் அழைத்துச் செல்வதே நட்பு.

அந்தத் தந்தையிடம் இவற்றையெல்லாம் நான் சொன்னபோது அவர் நெடுநேரம் பேசாதிருந்தார். "அப்படியானால் அந்த நண்பன்?" என்று பிறகு கேட்டார். அவன் கொடுத்த தொலைபேசி எண் வேறொருவர் பெயரில் இருந்தது. ஆளைக் காணவில்லை. மகன் சில வாரங்களில் பிணையில் வந்தான். ஆனால், அதற்குள் இறுதி ஆண்டுத் தேர்வு முடிந்துவிட்டது. வழக்கு இன்னும் நடக்கிறது. தீர்ப்பு எப்படி அமையும் என்று சொல்ல நான் நீதிபதி அல்லன். வாய்தா நாட்களில் தந்தையும் மகனும் காலை வண்டிக்காகத் திருவரங்கம் நிலையத்தில் நிற்பதை நான் பார்ப்பதுண்டு. பையன் கையில் இப்போது எதையும் வைத்துக்கொள்வதில்லை. வழக்குத் தாள்கள் அடங்கிய பையைத் தந்தையே சுமக்கிறார்.

நண்பர்களே, நாளை உங்களிடம் யாரேனும் ஒரு பையை நீட்டினால், வாங்குமுன் கேட்க வேண்டிய வினா ஒன்றே: இந்தப் பை யாருடையது? கொடுப்பவன் அதன் உள்ளே இருப்பதைத் திறந்து காட்டத் தயங்கினால், அதை அவன் கையிலேயே விட்டுவிடுங்கள்.