ராணுவ ஊனப் பென்ஷன்: நிரூபிக்க வேண்டியது யார்?

உங்க அப்பாவோ அண்ணனோ உடம்பு சரியில்லாம ராணுவத்திலிருந்து அனுப்பப்பட்டவரா? "நோய் பணியால் வந்ததல்ல" என்று ஊனப் பென்ஷனை மறுத்தால் அதோட விட்டுடாதீங்க.

1985-ல் சேர்ந்த தரம்வீர் சிங், வலிப்பு நோயால் 1994-ல் அனுப்பப்பட்டார். ஊனம் 20%, பென்ஷன் மறுப்பு. 2013-ல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது: சேரும்போது நோய் எதுவும் பதிவாகலைன்னா நலமாகச் சேர்ந்ததாகவே கருதணும்; பணியால் வரலைன்னு காட்ட வேண்டியது ராணுவம்தான்.

அதனால முதல்ல சேர்க்கைக்கால மருத்துவப் பதிவு, சிகிச்சைச் சீட்டுகள், மருத்துவ வாரிய அறிக்கை மூணையும் சேருங்க. நயினார்கோவில் பக்கம் இருந்தா ராமநாதபுரம் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் உதவி கேளுங்க. அப்புறம் மேல்முறையீடு, அதுவும் கைகொடுக்கலைன்னா ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வு.

2023 செப்டம்பர் 21-க்குப் பிறகு வெளியே வந்தவரா? புதிய விதிகள், அதையும் பார்த்துட்டு மனு போடுங்க.